ஹெர்பீஸா, வேறொன்றா? அந்தரங்கப் புண்களின் நாள்கணக்கு

அந்தரங்கத்தில் ஓர் எரிச்சல். கண்ணாடி வைத்துப் பார்த்தால் சிவப்பாக ஏதோ தெரிகிறது. வீட்டில் யாரிடமும் கேட்க முடியாத கேள்வி என்பதால் கை செல்பேசிக்குப் போகிறது. தேடலில் வரும் படங்களைப் பார்த்த பிறகு அன்றிரவு தூக்கம் கிடையாது. அந்தப் படங்களில் பெரும்பாலானவை பாடம் நடத்துவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. நோயின் மிகக் கடுமையான கட்டத்தைக் காட்டுபவை. அவற்றைப் பார்த்து முடிவெடுப்பதில் இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன. வெறும் சோப்பு ஒவ்வாமை உள்ளவர் தனக்கு ஹெர்பீஸ் என்ற பால்வினை வைரஸ் நோய் வந்துவிட்டது என்று எண்ணி உடைந்துபோகிறார். உண்மையிலேயே ஹெர்பீஸ் உள்ளவரோ, தன்னுடைய சின்னக் கீறல் அந்தப் படம் மாதிரி இல்லையே என்று நிம்மதியடைந்து, வருடக்கணக்கில் படர்தாமரைக் களிம்பைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது வகையினரின் எண்ணிக்கை சிறியதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020ல் 15 முதல் 49 வயதுக்குள் 84.6 கோடிப் பேர் பிறப்புறுப்பு ஹெர்பீஸ் தொற்றோடு இருந்தார்கள். அந்த வயதினரில் ஐந்தில் ஒருவருக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது. அறிகுறி ஒன்றுமே இல்லாதவர்கள் ஒரு பகுதி. அறிகுறி வந்தும் அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டவர்கள் இன்னொரு பகுதி. நம் ஊரில் அந்த வேறு பெயர் பெரும்பாலும் 'உடம்புச் சூடு'. சூட்டுக் கொப்புளம் என்று சொல்லி இளநீர் குடிப்பார்கள், வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடுவார்கள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். ஒரு வாரத்தில் புண் ஆறிவிடும். மீண்டும் வரும் ஹெர்பீஸ் புண் எதுவும் செய்யாவிட்டாலும் ஒரு வாரம், பத்து நாளில் ஆறிவிடும் என்பது தெரியாததால், சூடு தணிந்ததுதான் காரணம் என்ற நம்பிக்கை ஒவ்வொரு முறையும் உறுதிப்படுகிறது.

அந்த இடத்துத் தோல் தன் கஷ்டத்தைச் சொல்லும் வழிகள் குறைவு. சிவக்கும், அரிக்கும், எரியும், வெடிக்கும், புண்ணாகும். காரணம் வைரஸாக இருந்தாலும் பூஞ்சையாக இருந்தாலும் மாத்திரையாக இருந்தாலும் இந்த நான்கைந்து வடிவங்களில்தான் வந்து நிற்கும். அதனால் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்வது அனுபவமுள்ள தோல் மருத்துவருக்கே கடினம். ஆனால் அது எப்படித் தொடங்கியது, எத்தனை நாளில் எப்படி மாறியது, முன்பு வந்ததா, வந்த இடத்திலேயே வந்ததா, வருவதற்கு முந்தைய நாள் என்ன நடந்தது என்ற நாள்கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் பாதி முடிச்சு அவிழ்ந்துவிடும். மீதிப் பாதியை ஒரு பஞ்சுக்குச்சிப் பரிசோதனை அவிழ்க்கும், சரியான நாளில் எடுத்தால்.

ஹெர்பீஸ் வரும் விதம்

ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, அதாவது எச்எஸ்வி-1, பெரும்பாலும் உதட்டோரத்தில் கொப்புளம் தருவது. இரண்டாம் வகை, எச்எஸ்வி-2, பிறப்புறுப்புப் பகுதியில். இந்தப் பாகுபாடு இப்போது அவ்வளவு கறாரானதல்ல. உதட்டில் கொப்புளம் உள்ளவரோடு வாய்வழி உறவு கொண்டால் எச்எஸ்வி-1 பிறப்புறுப்புக்கு வந்துவிடும். பல நாடுகளில் இளவயதினரிடம் புதிதாக வரும் பிறப்புறுப்பு ஹெர்பீஸுக்கு முதல் வகையே முக்கியக் காரணமாகிவிட்டது.

தோலில் உள்ள நுண்ணிய கீறல் வழியாக உள்ளே போகும் வைரஸ் அங்கேயே தங்குவதில்லை. நரம்பு இழை வழியாகப் பின்னோக்கிச் சென்று, முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் உள்ள நரம்பு முடிச்சுகளில் குடியேறி உறங்குகிறது. பிறகு எப்போதாவது விழித்து, அதே நரம்பு வழியாகத் தோலுக்குத் திரும்புகிறது. ஹெர்பீஸின் குணங்கள் எல்லாம் இந்த நரம்புப் பாதையிலிருந்து வருபவைதான்.

முதல் தாக்குதல் தொற்று ஏற்பட்ட 2 முதல் 12 நாட்களுக்குள் தெரியும். சிலருக்கு அது பெரிய அவதி. காய்ச்சல், உடம்பு வலி, தொடை இடுக்கில் இரண்டு பக்கமும் நெறி கட்டுதல், பிறப்புறுப்பில் இருபுறமும் கொத்துக் கொத்தாகச் சிறு நீர்க்கொப்புளங்கள். அவை ஓரிரு நாளில் உடைந்து மேலோட்டமான புண்களாகும். சிறுநீர் பட்டால் உயிர் போகும் எரிச்சல். ஒன்று ஆறும்போது இன்னொன்று கிளம்பும். சிகிச்சை இல்லாமல் விட்டால் முழுதும் ஆற இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகலாம். சில பெண்களுக்குச் சிறுநீர் கழிக்கவே முடியாமல் அடைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய அகலமான பேசினில் உட்கார்ந்தபடி சிறுநீர் கழித்தால் எரிச்சல் பெருமளவு குறையும். அப்படியும் வரவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆனால் முதல் தாக்குதல் எல்லோருக்கும் இப்படி இருப்பதில்லை. பலருக்கு அது கவனத்துக்கே வராமல் கடந்துபோகும். அடுத்தடுத்து வருபவை இன்னும் அடக்கமானவை. ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு நாணயத்தின் அகலத்துக்குள், மூன்று நான்கு சின்னக் கொப்புளங்கள். அல்லது கொப்புளமே இல்லாமல் ஒரு மெல்லிய வெடிப்பு. காய்ச்சல் இருக்காது. தோல் உலர்ந்த இடங்களில் பக்கு கட்டி உதிரும். ஈரமான சவ்வுப் பகுதியில் பக்கு கட்டாமலே ஆறும். வந்த இடத்திலேயே, அல்லது அதற்கு ஒரு விரல் தள்ளி வரும். பிறப்புறுப்பில்தான் வர வேண்டும் என்றில்லை. புட்டம், தொடை, ஆசனவாயைச் சுற்றி என்று அந்த நரம்பு போய்ச் சேரும் எந்த இடத்திலும் வரலாம். மாதாமாதம் புட்டத்தில் ஒரே இடத்தில் வந்து போகும் 'கட்டி' என்று சொல்லப்படுவதில் சில, ஹெர்பீஸ்தான்.

இந்த மறுதாக்குதலுக்கு ஒரு முன்னறிவிப்பு உண்டு. புண் தெரிவதற்குச் சில மணி நேரம் முன்பிருந்து ஓரிரு நாள் முன்பு வரை அந்த இடத்தில் குறுகுறுப்பு, ஊசி குத்துவதுபோல் சுருக் சுருக்கென்ற உணர்வு. சிலருக்கு இடுப்பிலிருந்து புட்டம் வழியாகக் காலுக்கு இறங்கும் மின்னல் வலி. தோல் மேலே எதுவும் இல்லாதபோதே நரம்பு பேசத் தொடங்கிவிடுகிறது. பூஞ்சைத் தொற்றோ சோப்பு ஒவ்வாமையோ இப்படி முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. எல்லாருக்கும் இந்த முன்னுணர்வு இருப்பதில்லை என்றாலும், இருக்கிறது என்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

எச்எஸ்வி-2 என்றால் அறிகுறியோடு வந்த முதல் தாக்குதலுக்குப் பிந்தைய ஓராண்டில் நான்கைந்து முறை திரும்புவது வழக்கம். எச்எஸ்வி-1 என்றால் ஒரு முறை வந்தாலே அதிகம். சிலருக்குத் திரும்புவதே இல்லை. ஆண்டுகள் போகப்போக இரண்டுமே குறைகின்றன.

இங்கிருந்து ஒரு கணக்குப் போடலாம். ஹெர்பீஸ் வரும், நாலைந்து நாள் ஆடும், ஆறும், போகும். நடுவில் தோல் சுத்தமாக இருக்கும். இரண்டு மாதமாக ஒரு நாள் விடாமல் அரித்துக்கொண்டே இருக்கிறது, இரவில் கூடுகிறது, புண் இல்லை, செதில் உதிர்கிறது என்றால் அது பெரும்பாலும் ஹெர்பீஸின் நடத்தை அல்ல.

தொடர்ந்து அரிப்பவை

அந்த இரண்டு மாத அரிப்புக்கு இந்தியாவில் இன்று முதல் சந்தேகம் படர்தாமரை. தொடை இடுக்கில் வளையம் வளையமாக, ஓரம் தடித்தும் நடுப்பகுதி தெளிந்தும் பரவுவது அதன் அடையாளம். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக அது நாடெங்கும் பிடிவாதமாகிவிட்டது. வழக்கமான டெர்பினாஃபைன் மாத்திரைக்கு மசியாத ஒரு பூஞ்சை பரவியிருக்கிறது. 2020ல் அதற்கு டிரைகோஃபைட்டான் இண்டோட்டினியே என்று இந்தியாவின் பெயரையே சேர்த்துப் பெயரிட்டார்கள். இதற்குத் துணைபோனது மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைத்த கலவைக் களிம்புகள். பூஞ்சைக்கொல்லி, நுண்ணுயிர்க்கொல்லி, அவற்றோடு வீரியமான ஸ்டீராய்டு, மூன்றும் ஒரே குழாயில். தடவிய மறுநாள் அரிப்பு நின்றுவிடும், பூஞ்சை அடியில் வளரும். 2018ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்கு மாற்றியது. ஆனால் கடைகளில் கேட்டால் இன்னும் கிடைக்கிறது.

ஹெர்பீஸைப் பற்றிப் பேசும்போது இந்தக் களிம்புகளை இவ்வளவு தூரம் இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டீராய்டு தடவிய படர்தாமரை தன் வளைய வடிவத்தை இழந்துவிடும். ஸ்டீராய்டு தடவிய ஹெர்பீஸ் ஆறத் தாமதமாகி அகலமாகப் பரவும். மாதக்கணக்கில் தடவியதால் மெலிந்துபோன தோல் தானாகவே எரியும், உரசினால் கிழியும். மூன்றும் கடைசியில் ஒரே மாதிரி தெரியும். நோய் என்னவென்று தெரியும் முன் எதையாவது தடவுவது, தடயத்தை நாமே அழிப்பது. இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: அந்தரங்கப் புண்ணில் கலவைக் களிம்பு வேண்டாம்.

அடுத்தது கேண்டிடா என்ற ஈஸ்ட் பூஞ்சை. பெண்களுக்குத் தயிர்த் திரிபோல வெள்ளைப்படுதல், தாங்க முடியாத நமைச்சல், சிவந்து வீங்கிய தோல். ஆண்களுக்கு ஆண்குறியின் மொட்டிலும் நுனித்தோலின் உட்புறத்திலும் சிவப்புப் புள்ளிகள், வெள்ளைப் படிவு, நுனித்தோலில் வட்டமாக வெடிப்புகள். இந்த வெடிப்புகள்தான் குழப்பம். மெல்லிய, வலிக்கும் கீறல்கள் என்ற அளவில் அவை ஹெர்பீஸ் வெடிப்பை அப்படியே ஒத்திருக்கும். பிரித்துப் பார்க்க உதவுவது நீரிழிவு. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு இது மீண்டும் மீண்டும் வரும்; சிலருக்கு நீரிழிவு இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் முதல் அறிகுறியே இதுதான். சர்க்கரைக்காகச் சாப்பிடும் மாத்திரையும் காரணமாகலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மருந்துகள் இரத்தச் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றிக் குறைப்பவை. அந்த இனிப்புச் சிறுநீர் பட்ட இடம் பூஞ்சைக்கு விருந்து. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை தரும் நல்ல மருந்துகள் அவை. காப்புரிமை முடிந்து விலை குறைந்த பிறகு நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். அரிப்புக்கு மருத்துவரிடம் போகும்போது சர்க்கரை மாத்திரையின் பெயரையும் எடுத்துச் செல்வது அதனால்தான் முக்கியம். தானாக நிறுத்திவிடக் கூடாது.

சொறி சிரங்கை விசாரிக்க ஒரு கேள்வி போதும்: வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா? இரவில் கூடும் அரிப்பு, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் பொரிகள், ஆண்களுக்கு விதைப்பையிலும் ஆண்குறியிலும் அரிக்கும் கடினமான முடிச்சுகள். வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொள்ளாவிட்டால் அது போகாது.

சவரம் செய்த பிறகு வரும் பொரிகளில் உற்றுப் பார்த்தால் நடுவில் ஒரு முடி இருக்கும். சீழ் மஞ்சளாகத் தெரியும். கொத்தாக இல்லாமல் சிதறிக் கிடக்கும். ஹெர்பீஸ் கொப்புளத்தில் இருப்பது பெரும்பாலும் தெளிந்த நீர்.

ஒவ்வாமையைப் பொறுத்தவரை நம் வீடுகளில் குற்றவாளி பெரும்பாலும் சுத்தம்தான். வாசனை சோப்பு, உட்புறம் கழுவும் திரவம், வாசனை சேர்த்த நாப்கின், துணி துவைக்கும் பொடி, தண்ணீரில் கலந்து கழுவும் கிருமிநாசினி. ஆணுறையின் ரப்பர் ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. பட்ட இடம் முழுக்க, இரு பக்கமும், எல்லை போட்டதுபோல் சிவந்து எரியும். நிறுத்தினால் சில நாளில் தணியும். பயத்தில் மேலும் மேலும் கழுவுபவர்களுக்கு எரிச்சல் கூடிக்கொண்டே போவதையும், அதைப் பார்த்து பயம் கூடுவதையும் என்னவென்று சொல்வது! வெறும் தண்ணீர் போதும்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அந்தப் பகுதி உலர்ந்து மெலிகிறது. உறவின்போது கீறல் விழும், சிறுநீர் பட்டால் எரியும். ஐம்பத்தைந்து வயதில் இதை யாரிடம் சொல்வது என்று பல அம்மாக்கள் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள். எளிய சிகிச்சை இருக்கிறது.

சிறுநீர்ப்பாதைத் தொற்று என்று மாத்திரை வாங்கிக் குணமாகாமல் திரும்பும் பெண்களில் சிலருக்கு உண்மையில் இருப்பது ஹெர்பீஸ். எரிச்சல் எங்கே என்று கேட்டால் வேறுபாடு தெரியும். தொற்று என்றால் உள்ளே, அடிவயிற்றோடு சேர்ந்து, அடிக்கடி போகத் தோன்றும். புண் என்றால் சிறுநீர் வெளியே வந்து தோலைத் தொடும் கணத்தில்தான் எரியும்.

திரும்பத் திரும்ப அதே இடத்தில்

ஒரே இடத்தில் திரும்ப வருவது ஹெர்பீஸின் அடையாளம் என்று மேலே சொன்னேன். அதே குணம் கொண்ட இன்னொன்று இருக்கிறது; அதைப் பற்றிப் பொதுவெளியில் பேசுவார் இல்லை. மருந்து ஒவ்வாமையில் ஒரு வகை. குறிப்பிட்ட மாத்திரையைச் சாப்பிடும்போதெல்லாம் உடம்பில் அதே இடத்தில், அதே அளவில் புண் கிளம்பும். ஆண்களுக்கு அது மிகவும் விரும்பித் தேர்ந்தெடுக்கும் இடம் ஆண்குறியின் மொட்டு. மாத்திரை போட்டு அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் எரிச்சல், கருஞ்சிவப்பாக ஒரு வட்டம், பிறகு கொப்புளம், தோல் உரிந்து புண்.

காரணமாகும் மருந்துகள் வீட்டில் சாதாரணமாகப் புழங்குபவை. கோட்ரைமாக்சசோல், டாக்சிசைக்ளின், வலிநிவாரணிகள், சிலருக்குப் பாரசிட்டமால்கூட. நம் நாட்டில் குறிப்பாகச் சொல்ல வேண்டியது வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் கூட்டு மாத்திரைகள்: ஆஃப்லாக்சசினோடு ஆர்னிடசோல், நார்ஃப்லாக்சசினோடு டினிடசோல். பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோலும் இந்தப் பட்டியலில் உண்டு. அந்தரங்க அரிப்புக்கு என்று போட்ட மாத்திரையே அந்தரங்கப் புண்ணைத் தருவதும் நடக்கும்.

இப்படி வைத்துக்கொள்வோம். வெளியூர் போன ஒருவருக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிறு கெடுகிறது. மாத்திரை போடுகிறார். மறுநாள் ஆண்குறியில் புண். ஊர் திரும்பியதும் மனைவிக்குத் தெரிகிறது. வெளியூர், புண், இரண்டையும் சேர்த்தால் வீட்டில் எழும் சந்தேகம் ஒன்றே ஒன்றுதான். ஆறு மாதம் கழித்து இன்னொரு பயணம், இன்னொரு மாத்திரை, அதே இடத்தில் புண். ஹெர்பீஸ் என்று மருத்துவரே எழுதிவிடவும் கூடும். இதைப் பிரிக்கும் தடயங்கள் இரண்டு. முந்தைய ஒன்றிரண்டு நாளில் சாப்பிட்ட மாத்திரை ஒன்று. ஆறிய பிறகு மிஞ்சும் நிறம் மற்றொன்று: இந்த ஒவ்வாமை பழுப்பாகவோ சாம்பல் கலந்த கறுப்பாகவோ ஒரு தழும்பை மாதக்கணக்கில் விட்டுச் செல்லும், ஹெர்பீஸ் பெரும்பாலும் தடம் இல்லாமல் ஆறும். முன்னறிவிப்பாக நரம்பு வலியும் இதில் இருப்பதில்லை. எப்போதாவது வரும் புண் என்றால், ஒவ்வொரு முறையும் தேதியையும் அதற்கு முன் போட்ட மாத்திரையையும் குறித்து வைத்தால் மூன்றாவது முறையில் விடை தெரிந்துவிடும். மருந்து இன்னதென்று தெரிந்தால், பிறகு வாழ்நாள் முழுக்க அதைத் தவிர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பாதிப்பு பெரிதாகலாம்.

அக்கியும் இங்கே ஒரு சந்தேக நபர். சின்னம்மை தந்த வைரஸ் நரம்பில் உறங்கியிருந்து வயதான பிறகு கிளம்புவது. இடுப்புக்குக் கீழ் நரம்பில் கிளம்பினால் புட்டத்திலிருந்து பிறப்புறுப்பு வரை ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளங்கள் வரும். நடுக்கோட்டைத் தாண்டாது, ஹெர்பீஸைவிடப் பரந்த இடத்தைப் பிடிக்கும், வலி அதிகம். பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறைதான் வரும். ஒரே இடத்தில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை 'அக்கி' வந்தால் அது ஹெர்பீஸா என்று பார்க்க வேண்டும்.

வாய்ப்புண்ணும் அந்தரங்கப் புண்ணும் சேர்ந்து மாறி மாறி வந்து, கண்ணும் சிவந்து, புண் ஆறிய இடத்தில் தழும்பு விழுந்தால் பெசெட் நோய் என்ற இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். பதின்ம வயதுப் பெண்ணுக்கு வைரஸ் காய்ச்சலைத் தொடர்ந்து திடீரென்று ஆழமான, கடும் வலியுள்ள புண்கள் பிறப்புறுப்பில் வரலாம். லிப்ஷூட்ஸ் புண் என்று பெயர். உடலுறவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இது தெரியாமல் அந்தப் பெண்ணைக் குடும்பமே விசாரணைக் கூண்டில் நிறுத்துவது பெரும் கொடுமை. அதே நேரம், ஒரு குழந்தையின் பிறப்புறுப்பில் ஹெர்பீஸ் என்று பரிசோதனையில் உறுதியானால் பாலியல் வன்முறை நடந்திருக்குமோ என்று மருத்துவர் விசாரித்தே ஆக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்று முடிவு சொல்ல வேண்டியது பரிசோதனை. பெற்றோரின் ஊகம் அல்ல.

வலிக்காத புண்ணுக்குத்தான் பயப்பட வேண்டும்

எரிச்சலுக்கும் வலிக்கும் ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். மேகப்புண் என்று பழைய தலைமுறை சொன்ன சிஃபிலிஸ் வலிப்பதில்லை. தொற்றி ஏறத்தாழ மூன்று வாரத்தில், சிலருக்கு மூன்று மாதம் வரை கழித்து, ஒற்றைப் புண். அடிப்பகுதி கெட்டியாக, ஓரம் சுத்தமாக, தொட்டால் வலியில்லாமல் இருக்கும். பெண்களுக்கு உட்புறம் இருந்தால் தெரியவே தெரியாது. மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். நோய் போய்விட்டது என்று நினைப்பார்கள். அது இரத்தத்தில் இறங்கியிருக்கும். ஆண்டுகள் கழித்து மூளை, இதயம் என்று தாக்கும். கர்ப்பிணிக்கு இருந்தால் குழந்தைக்குப் போகும். ஆரம்ப கட்டத்தில் பென்சாதின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே வேளை ஊசியில் குணமாகிற நோய் இது. ஹெர்பீஸ் என்று தாமே முடிவுகட்டி அதற்கான அசைக்ளோவிர் மாத்திரையை வாங்கிச் சாப்பிடுபவர் இழக்கக்கூடியது அந்த ஊசியைத்தான். அதனால் எந்த அந்தரங்கப் புண்ணாக இருந்தாலும் சிஃபிலிஸுக்கும் எச்ஐவிக்கும் இரத்தப் பரிசோதனை கட்டாயம். புண் வந்த முதல் வாரங்களில் விடிஆர்எல் என்ற சிஃபிலிஸ் இரத்தப் பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்தாலும் சில வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆறாமல், பெரிதாகிக்கொண்டே போகும் ஹெர்பீஸ் புண் எச்ஐவியால் எதிர்ப்புச் சக்தி குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். எதிர்த்திசையிலும் தொடர்பு உண்டு: எச்எஸ்வி-2 தொற்று உள்ளவருக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு.

எந்தப் பரிசோதனை, எந்த நாள்

புதுக் கொப்புளத்தின் நீரையோ புண்ணின் அடிப்பகுதியையோ பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துச் செய்யும் பிசிஆர் பரிசோதனைதான் மிக நம்பகமானது. வைரஸ் இருக்கிறதா, இருந்தால் எந்த வகை என்று இரண்டையும் சொல்லும். முதல் இரண்டு மூன்று நாளுக்குள் எடுக்க வேண்டும். பக்கு கட்டிய பிறகு எடுத்தால் வைரஸ் இருந்தும் இல்லை என்று வரலாம். நம் வழக்கமோ ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாத தூரத்து மருத்துவமனையைத் தேடி, ஆறிய பிறகு போய் நிற்பது. புண் இருக்கும்போதே தெளிவாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதும் உதவும். மருத்துவரைத் தவிர வேறு யார் கண்ணிலும் படாதபடி பாதுகாப்பது அவசியம்.

பிசிஆர் இல்லாத ஊர்களில் ட்ஸாங்க் பரிசோதனை செய்வார்கள். புண்ணைச் சுரண்டிக் கண்ணாடியில் தடவி, பல உட்கருக்கள் கொண்ட பெரிய அணுக்களைத் தேடுவது. செலவு குறைவு, உடனே முடிவு. ஆனால் தவறவிடுவது அதிகம். ஹெர்பீஸையும் அக்கியையும் அதனால் பிரித்துச் சொல்லவும் முடியாது.

இரத்தப் பரிசோதனைதான் அதிகமாகத் தவறாகப் பயன்படுகிறது. ஆய்வகங்களில் 'எச்எஸ்வி 1, 2 ஐஜிஎம்' என்று ஒரு பரிசோதனை தாராளமாகச் செய்யப்படுகிறது. ஐஜிஎம் என்பது தொற்றுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களில் ஒன்று. அது வைரஸின் இரண்டு வகைகளையும் பிரித்துச் சொல்லாது. பழைய தொற்று மீண்டும் கிளம்பும்போதும் வரும். தொற்றே இல்லாமலும் வரும். அதை நம்பிப் புதுத் தொற்று என்று முடிவுசெய்யக் கூடாது. ஐஜிஜி என்ற இன்னொரு எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை ஓரளவு பயன் தருவது. வகை பிரித்துச் சொல்லும் பரிசோதனையாக இருக்க வேண்டும். தொற்றி மூன்று மாதம் வரை ஆகலாம் அது தெரிவதற்கு. எச்எஸ்வி-1 ஐஜிஜி உள்ளவர் உலகில் பாதிப் பேருக்கும் மேல். சிறு வயதில் உறவினர் கொடுத்த முத்தத்தில் வந்திருக்கலாம். அந்தரங்கப் புண்ணுக்கு அது சான்றாகாது. எச்எஸ்வி-2 ஐஜிஜி அளவு 1.1க்கு மேல், 3க்குக் கீழ் என்று வந்தால் தவறாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டி எச்சரிக்கிறது. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இந்தப் பரிசோதனையே வேண்டாம் என்பது அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2016ல் சொல்லி 2023ல் மறுபடி உறுதிசெய்த பரிந்துரை. திருமணத்துக்கு முன் 'எல்லா டெஸ்டும்' எடுக்கும் புதிய வழக்கத்தில் இதையும் சேர்த்து, 1.4 என்று வந்த ஓர் எண்ணால் ஒரு சம்பந்தம் முறிந்தால் அது அறியாமையின் விலை.

பரிசோதனை வசதி இல்லாத இடத்திலும் சிகிச்சை நிற்பதில்லை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில் அறிகுறியை வைத்தே தரப்படும், வண்ணம் பிரித்த மருந்துப் பொதிகள் உண்டு. கொப்புளம் அல்லது திரும்பத் திரும்ப வரும் புண் என்றால் சிவப்புப் பொதி, உள்ளே அசைக்ளோவிர். கொப்புளம் இல்லாத புண் என்றால் சிஃபிலிஸுக்கான பென்சிலின் உள்ள வெள்ளைப் பொதி. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம் என்ற பலகை உள்ள அறையில் இவை இலவசம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. விடுதி அறையில் மாதம் ஒரு நாள் முகாம் போட்டு நிரந்தரக் குணம் என்று சுவரொட்டி ஒட்டுபவர்களிடம் போக வேண்டாம். பால்வினை நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நரம்பில் உறங்கும் வைரஸை முற்றாக நீக்கும் மருந்து இதுவரை இல்லை. அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் தாக்குதலின் நாட்களைக் குறைக்கும். குறுகுறுப்பு தொடங்கிய அன்றே போட்டால் நன்கு வேலை செய்யும். அடிக்கடி வருபவர்கள் தினமும் சாப்பிட்டால் வருவது வெகுவாகக் குறையும். 2004ல் வெளியான ஆய்வில், தினமும் வாலாசைக்ளோவிர் எடுத்தவர்களின் துணைக்குத் தொற்றுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

யாரிடமிருந்து வந்தது

உறுதியான முடிவு கையில் கிடைத்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி இது. மருத்துவம் பெரும்பாலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. முதன்முதலாகப் புண் தெரிந்த நாள், தொற்று வந்த நாளாக இருக்க வேண்டியதில்லை. பல ஆண்டுகள் உறங்கியிருந்துவிட்டுக் காய்ச்சலிலோ மன அழுத்தத்திலோ மாதவிடாயை ஒட்டியோ முதல் முறையாகத் தலைகாட்டலாம். புண் இல்லாத நாட்களிலும் வைரஸ் தோலிலிருந்து வெளிப்படும் என்பதால், கொடுத்தவருக்கே தன்னிடம் இருப்பது தெரியாமல் இருந்திருக்கலாம். உதட்டுக் கொப்புளத்திலிருந்தும் வந்திருக்கலாம். பதினைந்து வருடத் திருமணத்தில் திடீரென்று வரும் ஹெர்பீஸ் துரோகத்துக்கான சாட்சி ஆகாது. இதைத் தம்பதி இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து மருத்துவர் சொல்ல வேண்டும். நோயாளியிடம் மாத்திரைச் சீட்டை மட்டும் கொடுத்து அனுப்பினால் வேலை பாதியில் நிற்கிறது. குறுகுறுப்பு தொடங்கியதிலிருந்து புண் முழுதும் ஆறும்வரை உறவைத் தவிர்ப்பதும், மற்ற நாட்களில் ஆணுறையும் தொற்றும் வாய்ப்பைக் குறைக்கும். ஆணுறை மூடாத தோலிலிருந்தும் வைரஸ் வரும் என்பதால் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

கர்ப்பிணிகள் விஷயத்தில் மட்டும் 'எப்போது வந்தது' என்ற கேள்விக்கு மருத்துவ முக்கியத்துவம் உண்டு. நெடுநாளாக ஹெர்பீஸ் உள்ள தாயிடமிருந்து பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழ். தாயின் எதிர்ப்பொருள்கள் ஏற்கெனவே குழந்தையைச் சேர்ந்திருக்கும். பிரசவத்தை ஒட்டிப் புதிதாகத் தொற்றினால் அந்த வாய்ப்பு நூற்றில் முப்பது முதல் ஐம்பது வரை. பச்சிளங்குழந்தைக்கு அது உயிராபத்து. எனவே கடைசி மூன்று மாதத்தில் வரும் எந்தப் புண்ணையும், எந்தக் கொப்புளத்தையும், கணவருக்கு வந்த உதட்டுக் கொப்புளத்தையும்கூட, மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஹெர்பீஸ் உள்ளவர்களுக்கு 36வது வாரத்திலிருந்து அசைக்ளோவிர் தருவார்கள். வலி எடுக்கும் நேரத்தில் புண்ணோ குறுகுறுப்போ இருந்தால் அறுவைப் பிரசவம். இல்லையென்றால் சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை. தாய்ப்பால் கொடுக்கலாம், மார்பில் புண் இல்லாத வரை.